டிராக்கோவின் பெயரால் வழங்கும் ஒரு சொல்



இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். தமிழ்ச் சபையிலே ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் அது நம் நாட்டு அரசியல் மேடைகளில் நெடுங்காலமாகக் குடியேறிவிட்ட சொல். அரசாங்கம் கடுமையானதொரு சட்டத்தைக் கொண்டுவரும்போதெல்லாம் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஓர் அங்கத்தினர் எழுந்து அதை ‘டிராக்கோனியன்’ சட்டம் என்று கண்டிப்பதும், மறுநாள் காலையில் ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லையே தலைப்பாக இடுவதும், தமிழ்ப் பத்திரிகைகள் அதனைக் ‘கொடுஞ்சட்டம்’ என்றோ ‘கறுப்புச் சட்டம்’ என்றோ எழுதுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். குற்றத்துக்குப் பொருந்தாமல் அளவு மிஞ்சிய தண்டனையை அந்தச் சொல் குறிக்கும் என்பதை எல்லாரும் அறிவார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே 2,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதனுடைய பெயர் இருக்கிறது என்பதும், அவன் செய்த காரியங்களில் ஒரு பாதியைத்தான் அந்தச் சொல் நமக்குச் சொல்கிறது என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை. மற்றொரு பாதியையும் உங்கள் முன் வைப்பதே இந்தப் பிரசங்கத்தின் நோக்கம்.

அந்த மனிதன் டிராக்கோ. கிரேக்கர்கள் வாயில் டிராக்கோன். அவர்கள் மொழியில் ‘டிராக்கோன்’ என்றால் சர்ப்பம். உற்றுப் பார்த்தல் என்னும் பொருளுடைய ஒரு வினையடியிலிருந்து, இமை கொட்டாது நோக்கும் பிராணி என்ற கருத்தில், அந்தப் பெயர் பிறந்தது என்பர் மொழி நூலார். அதுவே இலத்தீனுக்குச் சென்று, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து, கதைகளில் நெருப்புக் கக்கும் டிராகன் ஆயிற்று. ஆகவே சட்டம் செய்தவனின் பெயரும் சர்ப்பத்தின் பெயரும் ஒன்றாக அமைந்தது பரிகாசக்காரர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஹெரோடிகஸ் என்பவர், இவை ஒரு மனிதன் செய்த சட்டங்கள் அல்ல, சர்ப்பம் செய்த சட்டங்கள் என்று சிலேடையாகச் சொன்னதை அரிஸ்டாட்டில் தம்முடைய அணியிலக்கண நூலில் குறித்து வைத்திருக்கிறார். எனினும் நாம் பேசவந்த சொல் பாம்பிலிருந்து வந்ததன்று, மனிதனிலிருந்தே வந்தது.

அவன் காலத்து ஏதென்ஸ் நகரம் எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கி.மு. ஏழாம் நூற்றாண்டில், டிராக்கோ சட்டம் வகுப்பதற்கு முன், அந்த நகரத்தில் எழுதி வைத்த சட்டம் என்று ஒன்றில்லை. ‘யுபாட்ரிடே’ எனப்பட்ட உயர்குலத்துப் பிரபுக்கள் தங்களுக்குள்ளே ஆர்க்கான்கள் என்னும் அதிகாரிகளைத் தேர்ந்துகொண்டார்கள். அந்த அதிகாரிகளுடைய ஞாபகமே சட்டம், அவர்களுடைய வாக்கே தீர்ப்பு. வழக்கம் இன்னது என்று சொல்லும் உரிமை ஒரு கூட்டத்தாரிடமே இருந்தபடியால், ஏழைக் குடியானவன் தன்மேல் ஏவப்பட்ட விதி உண்மையிலே பழைய விதிதானா, அன்றைக்குக் காலையில் உண்டாக்கப்பட்ட விதியா என்று அறிய வழியில்லை. கொலை நேர்ந்தால் அது ராஜாங்கத்தின் விவகாரமாகக் கருதப்படவில்லை. இறந்தவனுடைய பங்காளிகள் கொன்றவனைத் தேடிப் பழி வாங்குவார்கள், கொன்றவனுடைய பங்காளிகள் அதற்குப் பதில் செய்வார்கள், இரு குலங்களுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக இரத்தப் பகை வளர்ந்துகொண்டே போகும்.

அந்த நிலைமையை உச்சிக்குக் கொண்டுபோன ஒரு சம்பவம் கி.மு. 632-ஐ ஒட்டி நடந்தது. ஒலிம்பிக் பந்தயத்திலே வெற்றி பெற்றவனும் மெகாரா நகரத்துச் சர்வாதிகாரியின் மருமகனுமான கைலோன் என்ற பிரபு, நகரத்தைத் தன்வசப்படுத்தும் எண்ணத்தோடு ஆட்களைத் திரட்டிக்கொண்டு அக்ரோபொலிஸ் குன்றைக் கைப்பற்றினான். முயற்சி பலிக்கவில்லை. கைலோன் தப்பி ஓட, அவனுடைய ஆட்கள் பசியால் வாடி அதீனா தேவியின் சந்நிதியில் அடைக்கலம் புகுந்தார்கள். விசாரணைக்கு வந்தால் உயிருக்குத் தீங்கில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. தேவியின் பாதுகாப்பு தங்களை விட்டு நீங்கலாகாதென்று அவர்கள் விக்கிரகத்தில் ஒரு நூலைக் கட்டி, அதன் மறு நுனியைக் கையில் பிடித்தபடியே குன்றிலிருந்து இறங்கி வந்ததாகவும், வழியில் பழிவாங்கும் தேவதைகளின் கோயிலருகே அந்த நூல் அறுந்துவிட, தேவியே இவர்களைக் கைவிட்டாள் என்று சொல்லி, ஆர்க்கானாக இருந்த மெகாக்ளிஸும் அவனைச் சேர்ந்தவர்களும் அவர்களை அங்கேயே வெட்டிச் சாய்த்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதுகிறார். அடைக்கலம் புகுந்தவர்களைக் கொன்ற பாவம் மெகாக்ளிஸின் குலம் முழுவதையும் தொடர்ந்தது. பின்னர் அந்தக் குலத்தார் நாடு கடத்தப்பட்டபோது, இறந்துபோன முன்னோரின் எலும்புகளைக்கூடத் தோண்டி எடுத்து எல்லைக்கு வெளியே எறிந்தார்கள் என்றால், அந்தப் பகையின் ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

இந்தச் சம்பவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 621-ஐ ஒட்டி, டிராக்கோ சட்டங்களை வகுத்தான். கைலோன் விவகாரத்தில் மூண்ட பகையை அடக்குவதற்கே அவை செய்யப்பட்டன என்று அறிஞர் பலர் கருதுவது இயல்பான யூகமே. அந்தச் சட்டங்கள் மரத்தில் எழுதப்பட்டன. அச்சிலே பொருத்தி, வேண்டிய பக்கத்தைத் திருப்பிப் படிக்கும்படி அமைந்த மரப் பலகைகளுக்கு ‘ஆக்ஸோன்’ என்று பெயர். நகரத்தின் சட்டம் முதன்முறையாகப் பிரபுக்களின் ஞாபகத்திலிருந்து வெளியே வந்து, எழுத்தறிந்தவன் எவனும் படிக்கக்கூடிய பொருளாயிற்று. டிராக்கோவின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவே. ஈஜினாத் தீவின் நாடகசாலையில் ஜனங்கள் அவனைப் புகழ்ந்து தங்கள் தொப்பிகளையும் மேலாடைகளையும் அவன்மேல் எறிய, அவற்றின் அடியில் மூச்சு முட்டி அவன் இறந்துபோனான் என்றொரு கதை, கி.பி. பத்தாம் நூற்றாண்டில் தொகுத்த ஒரு பைஸாண்டிய அகராதியில் காணப்படுகிறது. கதை என்ற அளவில் அதை ரஸிக்கலாம். சரித்திரம் என்று கொள்வதற்கில்லை.

இனி அவனுடைய கெட்ட பெயருக்கு வருவோம். அநேகமாக எல்லாக் குற்றங்களுக்கும் டிராக்கோ ஒரே தண்டனையை விதித்தான், அது மரண தண்டனை என்கிறார் புளூடார்க். சோம்பித் திரிந்தான் என்று நிரூபிக்கப்பட்டவனுக்கும் மரணம். தோட்டத்தில் புகுந்து கீரையோ பழமோ திருடியவனுக்கும், கோயிலைக் கொள்ளையிட்டவனுக்கும், கொலைகாரனுக்கும் விதித்த அதே மரணம். ஏன் இப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, சிறு குற்றங்களுக்கு மரணமே தகுதி என்று தான் கருதுவதாகவும், பெருங் குற்றங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் தனக்குக் கிடைக்கவில்லை என்றும் அவன் விடை சொன்னதாகப் புளூடார்க் எழுதுகிறார். டிராக்கோ தன் சட்டங்களை மையால் எழுதவில்லை, இரத்தத்தால் எழுதினான் என்று டெமாடிஸ் என்ற பேச்சாளர் சொன்னதையும் அவரே நமக்கு எடுத்துத் தருகிறார். அரிஸ்டாட்டிலோ, இந்தச் சட்டங்களில் தண்டனையின் கடுமையைத் தவிரக் குறிப்பிடத்தக்க விசேஷம் ஒன்றுமில்லை என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். இந்தச் சாட்சியங்களின் மேலேதான் நம்முடைய ஆங்கிலச் சொல் நிற்கிறது.

இவை எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? புளூடார்க் எழுதியது டிராக்கோவுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பின்னர். டெமாடிஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டினர், சாதுரியமான வார்த்தைகளுக்குப் பேர்போனவர். கி.மு. 594-இல் சோலோன் என்னும் மேதை ஆர்க்கானாக வந்து டிராக்கோவின் சட்டங்களை ரத்து செய்துவிட்டபடியால், இவர்களில் எவரும் கீரைத் திருடனைக் கொல்லச் சொன்ன சட்டம் நடப்பில் இருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். ஆயினும் சோலோன் ஒன்றை மட்டும் தொடாமல் விட்டார். அது கொலை பற்றிய சட்டம். நகரத்தின் வாழ்வையே மாற்றி அமைத்த அவர், அந்த ஒரு பகுதியைத் திருத்துவதற்கு அவசியம் காணவில்லை.

நமது அதிர்ஷ்டத்தால் அந்தப் பகுதியின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. கி.மு. 411-இல் சிலர் கூடி ஏதென்ஸின் ஜனநாயகத்தைக் கவிழ்த்தார்கள். அது மீண்டும் நிலைபெற்ற பிறகு, நகரத்தின் சட்டங்கள் எவை என்பதைத் திரும்பவும் தொகுத்து எழுத வேண்டும் என்று ஜனசபை தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின்படி கி.மு. 409/408-இல் டிராக்கோவின் கொலைச் சட்டம் சலவைக்கல்லில் வெட்டப்பட்டு, அரச மண்டபம் என்னும் கட்டடத்தின் முன்னே நாட்டப்பட்டது. அந்தக் கல் 1843-இல் ஏதென்ஸில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது அங்குள்ள கல்வெட்டுக் காட்சிசாலையில் இருக்கிறது. எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துபோயின. ஆயினும் ஏதென்ஸ் நகரத்துப் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் பிரசங்கங்களில் வரும் சட்ட வாசகங்களைத் துணையாகக் கொண்டு, அறிஞர்கள் பொறுமையாக அவற்றைப் படித்திருக்கிறார்கள்.

இரத்தத்தால் எழுதியதாகச் சொல்லப்பட்ட சட்டத்தில் நாம் என்ன எதிர்பார்ப்போம்? கொன்றவனைக் கொல் என்ற கட்டளையை எதிர்பார்ப்போம். கல்லில் இருப்பதோ வேறு. ஒருவன் முன்கூட்டி நினையாமல் மற்றொருவனைக் கொன்றுவிட்டால் அவன் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. குற்றம் எத்தகையது என்று முடிவு செய்வதற்கு ‘எபெட்டாய்’ எனப்படும் 51 நியாயாதிபதிகள் இருக்கிறார்கள். இறந்தவனுக்குத் தகப்பனோ சகோதரனோ பிள்ளைகளோ இருந்தால், அவர்கள் எல்லாரும் ஒருமனப்பட்டுக் கொன்றவனை மன்னித்துத் திரும்பி வரச் செய்யலாம். ஒருவர் மறுத்தாலும் மன்னிப்பு இல்லை. அவர்கள் எவரும் இல்லாவிட்டால் அந்த உரிமை சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் வரையுள்ள தாயாதிகளுக்குப் போகிறது. அவர்களும் இல்லையென்றால், கொலை அறியாமல் நேர்ந்தது என்று 51 பேரும் தீர்மானித்த பிறகு, இறந்தவனுடைய குலச்சங்கத்திலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கும் பத்துப் பேர் விரும்பினால் அவனை ஏற்றுக்கொள்ளலாம். தன்னுடைய பொருளை அக்கிரமமாகப் பறித்துக்கொண்டு போகிறவனை அந்தக் கணத்திலேயே எதிர்த்துக் கொன்றால் அதற்குப் பழி இல்லை. நாடு நீங்கியவன் எல்லைச் சந்தைகளுக்கும் பொது விளையாட்டுகளுக்கும் வராமல் அடங்கி இருக்கும்வரை அவனை ஒருவரும் தீண்டக்கூடாது. தீண்டிக் கொன்றவன், ஏதென்ஸ் பிரஜையைக் கொன்றவனாகவே விசாரிக்கப்படுவான். சட்டம் பிறப்பதற்கு முன்னே நடந்த கொலைகளுக்கும் இதுவே விதி என்றும் கல் சொல்கிறது. ஆகவே பழைய பகைகளுக்கும் இந்த வழி திறந்துவிடப்பட்டது.

பழி வாங்கத் துடிக்கும் தாயாதியின் கைக்கும் கொன்றவனுடைய கழுத்துக்கும் நடுவே 51 நியாயாதிபதிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தவன் டிராக்கோ. மனத்தின் உத்தேசம் என்ன என்று கேட்டு, அறிந்து செய்த கொலையையும் அறியாமல் நேர்ந்த கொலையையும் பிரித்தவனும் அவனே. இந்தப் பிரிவினை ஏதென்ஸில் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பதற்கு டெமாஸ்தனிஸ் கி.மு. 352-இல் ஒரு வழக்குக்காக எழுதிய பிரசங்கம் சாட்சி. கொலைக்கென்றே ஐந்து நியாயஸ்தலங்களை அவர் வரிசையாக எடுத்துச் சொல்கிறார். திட்டமிட்ட கொலைக்கு அரியோபாகஸ் என்னும் குன்று. அறியாமல் நேர்ந்ததற்குப் பல்லாடியம். கொன்றேன், ஆனால் சட்டம் அனுமதித்தபடி கொன்றேன் என்பவனுக்கு டெல்பினியம். ஒரு கல்லோ மரமோ இரும்போ விழுந்து மனிதன் இறந்து, எறிந்தவன் யார் என்றும் தெரியாமல் போனால், அந்தப் பொருளையே விசாரித்து எல்லைக்கு வெளியே எறிவதற்குப் பிரிடானியம். ஐந்தாவது இவற்றிலெல்லாம் விசித்திரமானது. அறியாமல் செய்த கொலைக்காக நாடு நீங்கியிருப்பவன்மேல், அறிந்தே செய்த வேறொரு கொலைக் குற்றமும் சாட்டப்பட்டால், அவன் விடை சொல்ல வேண்டும். ஆனால் நாட்டின் மண்ணை மிதிக்கவும் கூடாது. ஆகவே கடற்கரையில் பிரியட்டோ என்ற இடத்தில் நியாயாதிபதிகள் கரையிலே உட்கார, குற்றம் சாட்டப்பட்டவன் கரையைத் தொடாமல் படகில் நின்றபடி தன் வாதத்தைச் சொல்வான். இந்த ஐந்தும் டிராக்கோவே ஏற்படுத்தியவை என்று சாதிக்க முடியாது. ஏதென்ஸ்காரர்கள் தங்கள் கொலைச் சட்டத்தை அவன் பெயரோடு சேர்த்தே மரியாதையாகப் பேசிவந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். டிராக்கோவின் சட்டங்களில் எது அழிந்தது, எது நிலைத்தது? கீரைத் திருடனையும் கொலைகாரனையும் ஒரே தட்டில் வைத்த பகுதி ஒரு தலைமுறைக்குள்ளே அழிந்தது. குற்றத்துக்கும் குற்றத்துக்கும் தாரதம்மியம் பார்த்த பகுதி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நியாயஸ்தலங்களில் வழங்கியது. பெருங் குற்றங்களுக்கு மேலான தண்டனை கிடைக்கவில்லை என்று அவன் சொன்னதாக வழங்கும் விடையிலேயே அந்த அழிவின் காரணமும் அடங்கியிருக்கிறது. திருடினாலும் மரணம், கொன்றாலும் மரணம் என்றால், திருடவந்தவன் சாட்சி சொல்லக்கூடியவனை ஏன் உயிரோடு விட்டுப் போக வேண்டும்? பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்க்யூ 1748-இல் வெளியிட்ட சட்டங்களைப் பற்றிய பெருநூலில், கொள்ளைக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை விதித்த தேசத்தில் கொள்ளைக்காரர்கள் தவறாமல் கொலையும் செய்கிறார்கள் என்று ரஷ்யாவை உதாரணம் காட்டி எழுதினார்.

டிராக்கோவின் பெயரை ஏசும் சொல்லை வழங்கிய ஆங்கிலேயர்களே இந்தப் பாடத்தை நெடுநாள் கற்கவில்லை. 1688-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஏறக்குறைய ஐம்பது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை இருநூறுக்கு மேல். கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள சரக்கைக் கள்ளமாக எடுத்தால் தூக்கு; குடியிருக்கும் வீட்டில் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. விளைந்தது என்ன? ஜூரிகளாக உட்கார்ந்த சாதாரண வியாபாரிகளும் குடியானவர்களும், ஒரு பெண்ணையோ சிறுவனையோ சில துணிகளுக்காகத் தூக்குமேடைக்கு அனுப்ப மனம் வராமல், திருடுபோன பொருளின் மதிப்பு எவ்வளவாயிருந்தாலும் முப்பத்தொன்பது ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். சத்தியம் செய்து உட்கார்ந்தவர்கள் சொன்ன இந்தப் பொய்யைச் சட்டப் பண்டிதர் பிளாக்ஸ்டன் தர்மத்தின்பாற்பட்ட பொய் என்ற கருத்தில் குறிப்பிட்டார். சாமுவேல் ரோமிலி என்ற உத்தமர் 1810-இல் ஐந்து ஷில்லிங் திருட்டுக்குத் தூக்கை நீக்க மசோதா கொண்டுவந்தபோது, சாமானியர் சபை அதை நிறைவேற்றியும் பிரபுக்கள் சபை நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் காண்டர்பரி மகா குருவும் இருந்தார். கடைசியில் பாங்கிக்காரர்களே முன்வந்தார்கள். கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு என்று சட்டம் இருப்பதால் குற்றவாளியைத் தண்டிக்க எவரும் துணியவில்லை, எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பில்லாமல் போகிறது, ஆகையால் தண்டனையைக் குறையுங்கள் என்று 214 நகரங்களைச் சேர்ந்த பாங்கிக்காரர்கள் 1830-இல் பார்லிமெண்டுக்கு மனுச் செய்துகொண்டார்கள். கடுமையான சட்டத்தால் லாபம் அடைவார்கள் என்று கருதப்பட்டவர்களே அதைத் தளர்த்தும்படி கெஞ்சியது சட்ட சரித்திரத்தில் மிகவும் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி. 1861-க்குள் அந்த இருநூறு குற்றங்களும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவாகச் சுருங்கிவிட்டன.

நம் நாட்டில் இந்தச் சொல் பெரிதும் அடிபடுவதற்கு நிமித்தமான சட்டங்களில் ஒன்று 1919-ஆம் ஆண்டு ரௌலட் சட்டம். சட்டசபையின் இந்திய அங்கத்தினர்கள் எதிர்த்தும் அது நிறைவேறியது. அதற்கு எதிராகத் தேசமெங்கும் ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை, சென்னையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு உதித்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்தச் சட்டத்தின் கொடுமை எதில் இருந்தது? விசாரணை இல்லாமலே ஒருவரைச் சிறையில் வைக்கலாம். விசாரித்தாலும் ஜூரி இல்லை, அப்பீல் இல்லை. டிராக்கோவின் கல்லை எதிரே வைத்து ஒப்பிட்டால் நமக்கு ஒரு சங்கடம் ஏற்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் தண்டனைக்கும் இடையே விசாரணையைக் கொண்டுவந்தவன் டிராக்கோ. இடையே இருந்த விசாரணையை எடுத்தெறிந்தவர்கள் ரௌலட் சட்டத்தைச் செய்தவர்கள். அந்தச் சட்டத்துக்கு டிராக்கோவின் பெயரைச் சூட்டுவது, நியாயமாகப் பார்த்தால், டிராக்கோவுக்குச் செய்யும் அநியாயம்.

இன்று ஆங்கிலம் எழுதுகிறவர்கள் வாகனம் நிறுத்தும் விதிக்கும், பள்ளிக்கூடத்துச் சீருடைக் கட்டுப்பாட்டுக்கும், வரவுசெலவுத் திட்டத்தில் செய்யும் சிக்கனத்துக்கும்கூட இந்தச் சொல்லை எடுத்து வீசுகிறார்கள். தமக்குப் பிடிக்காதது எதுவும் டிராக்கோனியன் என்றாகிவிட்டால், உண்மையிலே ஒரு கொடுஞ்சட்டம் வரும்போது சொல்வதற்கு வலுவுள்ள சொல் இல்லாமல் போகும். சபையில் வழக்கறிஞர்களும் பத்திரிகை எழுதுகிறவர்களும் மாணவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு சட்டத்தை இந்தப் பெயரால் கண்டிக்கப் புகுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சிறு குற்றத்தையும் பெருங் குற்றத்தையும் அது பிரித்துப் பார்க்கிறதா? தண்டிக்கும் கைக்கும் தண்டிக்கப்படுகிறவனுக்கும் இடையே ஒரு நியாயஸ்தலத்தை அது வைத்திருக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால் தாராளமாக அதை டிராக்கோனியன் என்று சொல்லுங்கள். அது பொருத்தமாகவே இருக்கும். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால் அதைவிடக் கடுமையான சொல்லைத் தேடுங்கள். ஏனெனில் அந்தக் குற்றத்தை டிராக்கோகூடச் செய்யவில்லை.